மிச்சம் நூறு

இரண்டாவது ஊசியும் ஏறி, குழாய்கள் இரண்டையும் டெக்னீஷியன் பெண் இடது கையோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி முடித்ததும், அவர் வலது கையை நீட்டினார். என்ன வேண்டும் என்று கேட்கவேண்டிய காலமெல்லாம் போய்விட்டது. பக்கத்தில் நின்ற மனைவி பையிலிருந்து ஐந்தாவது நோட்டை எடுத்து, அட்டைப் பலகையில் கிளிப் மாட்டி, மடியில் வைத்துவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் பக்கத்தைத் தடவிச் சமப்படுத்தினார். "இன்னைக்கு மூணு. அதோட முடிஞ்சுது" என்றார். ஏதோ வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை முடிகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவள் போர்வையை அவர் முழங்கால் வரை இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவர் முப்பத்திரண்டு வருஷம் லேத்தில் நின்றவர். இரும்புத் தண்டைக் கடைந்து கொடுத்தால் முடியின் பருமன்கூடக் கூடாது, குறையாது. கூட வேலை பார்த்த பையன்கள் கடைந்ததை அளந்து பார்த்து, "ரெண்டு பாயிண்ட் ஏறியிருக்கு, எடுத்துட்டுப் போ" என்று திருப்பி அனுப்பி அனுப்பியே பட்டறையில் அவருக்குப் 'பாயிண்ட்டு' என்று பெயர் விழுந்தது. அவள் ஜன்னல் திரைகள் தைப்பவள். வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை, ஒரு மெஷின். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டன. அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை எட்டு மணிக்கு இந்த ஆஸ்பத்திரி, இதே நாலாவது கட்டில், இதே மெஷின். நாலு மணி நேரம் ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். திரை தைப்பதை மற்ற நாலு நாளில் அவள் முடித்துக்கொள்வாள்.

அந்த மெஷினின் பக்கவாட்டில், படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராக, தீப்பெட்டி அளவில் ஒரு எஃகுத் தகடு உண்டு. அதில் 40174181 என்று பொறித்திருக்கும். இரண்டு வருஷம் அதைப் பார்த்தும் பார்க்காமல்தான் இருந்தார். பெரிய டாக்டர் ஒருநாள் இருவரையும் உட்காரவைத்து, வேறு சிறுநீரகம் பொருத்துகிற ஆபரேஷனை இவர் இதயம் தாங்காது, இனி இந்த மெஷின்தான் என்று சொன்னார். நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். அவள் அந்த அறையில்தான் இருந்தாள். டாக்டர் ஒளிக்கவில்லை, நிறுத்துவது உங்கள் இஷ்டம், நிறுத்தினால் பத்து நாள், மிஞ்சிப் போனால் பதினைந்து நாள் என்றார். வீட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "போதும்னு தோணுது" என்றார். வாதாடுகிறவரிடம் வாதாடலாம். இப்படிச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது?

அடுத்த தடவை வந்து படுத்தபோதுதான் தகட்டின் மேல் அவர் பார்வை நின்றது. வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளிடம் ஒரு காகிதம் கேட்டார். எட்டு இலக்கத்தையும் கூட்டினால் இருபத்தாறு, அதனால் மூன்றால் போகாது, ஒன்பதாலும் போகாது. கடைசியில் ஒன்று இருக்கிறது, இரண்டாலும் ஐந்தாலும் போகாது. ஏழால் வகுத்தார், மிச்சம் ஐந்து. பதினொன்றுக்கு இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்துப் பார்க்கிற ஒரு வழி பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருந்தது; அதுவும் இல்லை. பதின்மூன்றுக்கு மிச்சம் எட்டு. "பிடி கொடுக்க மாட்டேங்குது" என்றார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்ணைப் பகா எண் என்பார்களே, இது அந்த ஜாதியாக இருக்கும் போலிருக்கிறது என்றார். அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னார். "இது என்னன்னு பாத்துட்டு நிறுத்திக்கறேன். அதுக்கப்புறம் நீ மறிக்கக் கூடாது." அவள் தலையாட்டினாள். ஒரு வாரமோ பத்து நாளோ, கிடைத்தவரை லாபம் என்று ஆட்டினாள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்து, ஆறாயிரத்து நானூறு வரைக்குமான பகா எண்களை அச்சடித்து அனுப்பச் சொன்னார். எந்த எண்ணுக்கு என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிடுவாள், துப்பறியும் கதையில் கடைசிப் பக்கத்தைக் கிழித்து முதலில் நீட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்றார். நாலு கோடிச் சொச்சம் எண்ணுக்கு ஆறாயிரம் வரை போனால் போதுமா என்று அவளுக்குச் சந்தேகம். வகுக்கிற எண்கள் ஜோடியாகத்தான் வரும், ஒன்று பெரிதானால் கூட வருவது சிறிதாக இருந்தாக வேண்டும், சின்னவன் எவனும் இல்லை என்றால் பெரியவனும் இல்லை என்று விளக்கினார். தன்னைத் தானே பெருக்கினாலும் இந்த எண்ணைத் தாண்டாத சின்னவர்களில் கடைசி ஆள் 6337. மொத்தம் எண்ணூற்று இருபத்தைந்து பேர். ஒரு நாளைக்கு மூன்று. அதற்கு மேல் தலை சுற்றும். ஒரு எண்ணுக்கு ஒரு பக்கம். வகுத்து மிச்சம் வந்ததும் ஒரு டிக். பிறகு ஈவைப் பெருக்கி மிச்சத்தைக் கூட்டி, பழைய எண் வருகிறதா என்று பார்த்து இரண்டாவது டிக். அவள் துணிக்கு முழம் போடுகிற மாதிரி மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். இருநூற்று எழுபத்தைந்து தடவை. ஒன்றே முக்கால் வருஷம். அன்றைக்குத் திரைத்துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். இப்படிக்கூட ஒருத்தி சந்தோஷப்படுவாளா என்று வெட்கமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் நாள் தவறாமல் வந்தார். மூன்றாவது கட்டிலில் இருந்த பழைய லாரி டிரைவர், "என்ன பாயிண்ட்டு, இன்னைக்கு யாரைக் கூறு போட்டீங்க?" என்று கேட்பார். டெக்னீஷியன் பெண்ணோ ஊசி ஏற்றும்போது, எத்தனையில் இருக்கிறீர்கள் என்று விசாரிப்பாள். முப்பத்து மூன்று தடவை முடிந்த சமயத்தில், குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுவிட்டார்கள். இடது கையில் ஊசி, வலது கையில் மாவுக்கட்டு. வேலை நிற்கக் கூடாது என்று அவள்தான் பேனாவை எடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணைச் சொல்வார், அவள் வகுப்பாள். பதின்மூன்று தடவை, முப்பத்தொன்பது பக்கம், 541-லிருந்து ஆரம்பித்து அவள் கையெழுத்து. அவள் இலக்கங்கள் தையல்காரியின் இலக்கங்கள். ஒன்பது ஒரு பக்கம் சாயும், நாலு நாற்காலி மாதிரி இருக்கும். பெருக்கிச் சரிபார்க்கட்டுமா என்று முதல் நாள் கேட்டாள். "நீ வெட்டின துணி எப்பவாவது குறைஞ்சிருக்கா? உன் கணக்கு தப்பாது" என்றார். அதனால் அந்த முப்பத்தொன்பது பக்கத்திலும் ஒற்றை டிக்தான். எத்தனையோ வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது. அவள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் உள்ளே படுத்திருந்தார். போனில் பேசிக்கொண்டிருந்த மகள், அப்பாவின் கணக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டாள். நாலாயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டது, முடியப் போகிறதே என்று இருக்கிறது என்றாள். எந்த எண் என்று மகள் கேட்டதும் கேட்காததுமாக எட்டு இலக்கத்தையும் ஒப்பித்துவிட்டாள். பகா எண்ணாகவே இருந்துவிட்டால் மனுஷன் ஜெயித்த திருப்தியோடாவது போவாரே என்று ஒரு எண்ணம். அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. "அம்மா, இது பகா எண்ணே இல்லம்மா. அறுநூத்துப் பதிமூணால போகுது. அப்பா அதை எப்பவோ தாண்டியிருப்பாரே?" என்றாள் மகள்.

போனை வைத்துவிட்டு முதல் நோட்டைத் தேடி எடுத்தாள். 613. நாற்காலி மாதிரி நாலும், சாய்ந்த ஒன்பதும். அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்தது. பாதிக் கணக்கில் அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, மெஷின் வேறு கத்தியது, அவள் நோட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடிப்போய்க் காலை நீவிவிட்டாள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறாள். 2268-இல் 1839 போனால் 429. அவள் கடன் வாங்கினதை மறந்து 439 என்று எழுதியிருந்தாள். அதனால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாமல் முடிந்திருக்க வேண்டிய கணக்கில் நூறு மிஞ்சிவிட்டது. "நூறா? அழகா வந்திருக்கே" என்று அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னதுகூட நினைவிருந்தது. செய்தித்தாள் ஓரத்தில் மூன்று தடவை கழித்துப் பார்த்தாள். மூன்று தடவையும் நானூற்று இருபத்தொன்பதுதான் வந்தது.

சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே கணக்கு முடிந்துவிடும். அவர் கொடுத்த வாக்கு அவருக்கு, அவள் தலையாட்டினது அவளுக்கு. அதனால் வாயை இறுக மூடிக்கொண்டு, வாரத்துக்கு மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத ஒன்றை அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாயிரத்து ஐந்நூறு, ஐயாயிரம், ஆறாயிரம். ஒவ்வொரு இரண்டாவது டிக்குக்கும் மனசு குறுகுறுத்தது. திருடின பண்டத்தைத் தின்கிற மாதிரி இருந்தது. ருசியாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். ஒவ்வொரு நாளும் அவர் எழுந்து பல் தேய்த்து, தண்ணீர் இவ்வளவு குடிப்பதா என்று அவளிடம் திட்டு வாங்கி, செய்தித்தாளைப் பிரித்து, சீலிங் ஃபேன் சத்தத்தைக் குறைசொல்வதற்கு அந்தத் தப்புதான் ஆதாரம் என்று இருந்தது.

ஆனால் கையில் ஒரு யோசனை வைத்திருந்தாள். 6337 முடிந்து அவர் நோட்டை மூடும்போது, நான் எழுதின பக்கங்களில் ஒன்று தப்பு என்று சொல்லிவிடுவது. எது என்று சொல்லாமல் விடுவது. முப்பத்தொன்பது பக்கம், நாளைக்கு மூன்று, பதின்மூன்று தடவை. ஒரு மாதம் கிடைக்கும். 613 அவள் எழுதினதில் பதின்மூன்றாவது பக்கம் என்பதால் அவ்வளவுகூடக் கிடைக்காது, ஐந்தாவது தடவையே சிக்கிவிடும். பரவாயில்லை, முழம் இல்லாவிட்டால் சாண்.

அன்றைக்கு 6323-க்கு மிச்சம் 4162. டிக், பெருக்கல், டிக். 6329-க்கு மிச்சம் 4018. நடுவில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த டெக்னீஷியன் பெண் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியா சார் என்று கேட்டாள். ஆமாம் என்றார். அந்தப் பெண் ஏதோ பரீட்சை முடிகிற மாதிரி வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அந்தப் பெண்ணுக்கு மற்ற சங்கதி தெரியாது. 6337-க்கு அவர் வழக்கத்தைவிட மெதுவாக எழுதினார். மிச்சம் 3938. பெருக்கினார், கூட்டினார், நாலு கோடியே ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து நூற்று எண்பத்தொன்று வந்தது. இரண்டாவது டிக் போட்டார். தகட்டை ஒரு தரம் பார்த்தார். பேனாவை அவளிடம் நீட்டி, "பகா எண்தான். எவன்கிட்டயும் மசியல" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவு. பிறகு அதே குரலில், "செவ்வாக்கிழமை வரலைன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. கட்டிலை வேற யாருக்காவது குடுப்பாங்க" என்றார்.

அவள் பேனாவை மூடி பைக்குள் போட்டாள். ஜிப்பை இழுத்தாள். ஆறு மாதம் ஒத்திகை பார்த்த வாக்கியம் வேறு மாதிரிதான் வெளியே வந்தது.

"அது பகா எண் இல்லைங்க. நான் எழுதினதுல ஒரு பக்கம் தப்பு."

அவர் சிரித்தார். "உன் கணக்கு தப்பாதே."

"தப்பியிருக்கு. பொண்ணு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொன்னா. நோட்டை எடுத்துப் பாத்தேன். தப்பு என்னோடதுதான்."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார். ஆறு மாசமா என்றாள். அவர் முகம் மாறியது. சத்தம் போடுகிற ஆள் இல்லை, பட்டறையிலும் போட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயா, ஒவ்வொரு நாளும் பேனாவைத் திறந்து கொடுத்தாயே, என்னை என்ன கோமாளி என்று நினைத்தாயா என்று கேட்டார். "ஆறு மாசம் செஞ்சது அத்தனையும் வீண்" என்றார்.

"வீணா?" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் அடக்கமுடியவில்லை. "ஆறு மாசம் இருந்தீங்கல்ல?"

மூன்றாவது கட்டில் டிரைவர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவரோ கண்ணை மூடிக்கொண்டார். மீதி இருந்த முக்கால் மணி நேரமும் திறக்கவில்லை. ஊசியை எடுத்ததும், பஞ்சை வைத்து, பத்து நிமிஷம் அவள்தான் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை அவர் விலக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. வெளியே போகும்போது டெக்னீஷியன் பெண், செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் சார் என்றாள். அவள் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள்.

ஞாயிறும் திங்களும் வீட்டில் பேச்சே இல்லை. எங்கே என் கண்ணாடி, ஃபேனைக் குறை, அவ்வளவுதான். அவள் மேஜையில் குனிந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கான நீலத்திரைகளைத் தைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு இடத்தில் தையல் கோணிப் போய்ப் பிரித்தாள். அவர் கால் வீங்க ஆரம்பித்திருப்பது தெரிந்தது. வழக்கமாக இரண்டு நாள் இடைவெளியில் வீங்குவதுதான், ஆனால் இந்தத் தடவை அந்த வீக்கத்தைப் பார்க்கிறபோது பத்து நாள், பதினைந்து நாள் என்று டாக்டர் சொன்னதுதான் காதில் கேட்டது. எது தப்பு என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இனிமேல் எதையும் ஒளித்துவைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. மகள் போன் செய்தாள்; அப்பா தூங்குகிறார் என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவள் அவரை எழுப்பவில்லை. மறிக்கக் கூடாது என்றால் இழுக்கவும் கூடாதுதானே. பையை மட்டும் வழக்கம்போலப் போர்வை, துண்டு, தண்ணீர் பாட்டிலோடு கதவோரம் வைத்தாள். ஐந்தாவது நோட்டு அதிலேயே இருந்தது. எடுக்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் மனசில்லை. ஏழு மணிக்குச் சமையலறையில் நின்று, வேலை எதுவும் இல்லாமல் ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பேப்பர்கள் சரிகிற சத்தம். அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். கையில் முதல் நோட்டு. அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"உன் கையெழுத்து எதுல ஆரம்பிக்குது?"

"ஐந்நூத்து நாப்பத்தொண்ணு" என்றாள்.

"எதுல தப்புன்னு சொல்லாத."

பஸ்ஸில் இடம் கிடைத்தது. இருவரும் ஒரே சீட்டில், நோட்டு அவர் மடியில். எடை பார்த்தார்கள், வழக்கத்தைவிட அரைக் கிலோ கூட. தண்ணீரைக் குறைக்கச் சொல்லி டெக்னீஷியன் பெண் திட்டினாள், அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு ஊசியும் ஏறின. பிளாஸ்திரி ஒட்டியதும் அவர் வலது கையை நீட்டினார். அவள் பேனா மூடியைக் கழற்றும்போது அது கைதவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடியது. குனிந்து தேடி எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் அவர் 541-ஐப் பிரித்து வைத்திருந்தார். ஈவு 74259, மிச்சம் 62. சாய்ந்த ஒன்பதை ஒரு நிமிஷம் பார்த்தார். கீழே காலியாக இருந்த இடத்தில் பெருக்க ஆரம்பித்தார். கூட்டினார். எட்டு இலக்கமும் தகட்டில் இருந்தபடியே வரிசையாக வந்து நின்றன. ஒன்றரை வருஷத்துக்கு மேலாக ஒற்றையாய் நின்ற டிக்குக்குப் பக்கத்தில் இன்னொரு டிக்கைப் போட்டார்.

அவள் மனசு தன்னால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இன்று மூன்று, வியாழன் மூன்று, சனி மூன்று, அடுத்த செவ்வாய் மூன்று. அடுத்த வியாழன் முதல் பக்கமே அதுதான். ஒன்பது நாள். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திருப்பவில்லை. பேனாவை அவளிடம் நீட்டினார்.

"இனிமே ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்" என்றார். "என்ன அவசரம்."

அவள் பேனாவை வாங்கி மூடினாள். தலையைக் குனிந்துகொண்டு ஜிப்பை இழுத்தாள், அது துணியில் மாட்டிக்கொண்டு வரவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தாள். மணி எட்டே முக்கால். இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவர் நோட்டை மார்பின் மேல் கவிழ்த்துவைத்துக்கொண்டு, தகட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடினார். மூச்சு விடும்போதெல்லாம் அட்டை கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கியது.